இருபத்தொரு சென்டிமீட்டரின் கூட்டல் கணக்கு

நீலகிரியில் முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1970-லிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் விளைகின்றன. மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், "சார், இதுல கண்ணை வச்சுப் பாக்குற இடம் எங்க?" என்று யாராவது ஒருவன் கட்டாயம் கேட்பான். அப்படி ஓர் இடம் கிடையாது என்றதும் அவன் முகம் வாடிவிடும். அவனைச் சமாதானப்படுத்த நான் சொல்வது ஓர் எண்: 326.5.

அந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். கட்டியவர்கள் அந்த அலைவரிசையைப் பிடித்ததற்குக் காரணம் எளிது. அதை ஒட்டிய சிறு பட்டை, டியூட்டீரியம் அணுவின் அலைவரிசை என்பதால், உலக அளவில் வானியலுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே வேறு யாரும் ஒலிபரப்பிக் கெடுக்க மாட்டார்கள். ஆனால் அதே 326.5-ல், ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹைட்ரஜன் மேகத்திலிருந்து புறப்பட்ட அலையும் வந்து சேரலாம். கட்டும்போது அவர்கள் மனத்தில் இருந்தது நிலா, ஹைட்ரஜன் அல்ல. தொலைதூர ஹைட்ரஜனைத் தேடிய வரலாறு முழுக்க இந்த மாதிரிதான்: ஒன்றுக்காகக் கட்டுவார்கள், இன்னொன்றுக்கு உதவும், தேடியது கிடைக்காது, தேடப் போட்ட கம்பி மட்டும் வீணாகாது.

முதலில் அணுவைப் பார்த்துவிடலாம். ஹைட்ரஜனில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான். இரண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும் நிலையிலிருந்து எதிரெதிர் திசைக்கு எலக்ட்ரான் மாறினால், மிகச் சிறிய ஆற்றல் ஒன்று வெளியேறும். அதன் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். தனியே விடப்பட்ட ஓர் அணு தானாக இப்படி மாற, சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகும். அத்தனை சோம்பேறி அணுவை நம்பி யார் தொலைநோக்கி கட்டுவார்கள் என்று தோன்றும். ஆனால் ஒரு விண்மீன் திரளில் ஹைட்ரஜன் மட்டுமே சூரியனைப்போல் நூற்றுக்கணக்கான கோடி மடங்கு இருக்கும். அத்தனை அணுக்களில் ஒவ்வொரு நொடியும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை; கூட்டிப் பார்த்தால் உண்டு.

இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் மாணவர் ஒருவர். 1944, நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தது. லைடனில் யான் ஊர்ட் என்ற வானியலாளர் கையில், அமெரிக்காவில் குரோட் ரெபர் என்பவர் வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பற்றி எழுதிய கட்டுரை கிடைத்திருந்தது. ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் மட்டும் ஒளிரும் அணு எதுவும் உண்டா, இருந்தால் அதன் நகர்வை வைத்து நம் பால்வெளியின் சுழற்சியை அளக்கலாமே என்று அவர் அந்த மாணவரான வான் டி ஹுல்ஸ்டிடம் கேட்டார். ஹைட்ரஜன், 21 சென்டிமீட்டர் என்று அந்த ஏப்ரலில் நடந்த கருத்தரங்கில் ஹுல்ஸ்ட் பதில் சொன்னார். பிடிபடுமா என்பது அவருக்கே சந்தேகம்தான்.

போர் முடிந்ததும், ஜெர்மன் படை விட்டுச்சென்ற வுர்ட்ஸ்பர்க் ரேடார் கிண்ணங்களில் ஒன்றை கூட்வைக் என்ற இடத்தில் வைத்து டச்சுக்காரர்கள் தேடத் தொடங்கினார்கள். 1950-ல் அலைவாங்கிக் கருவி தீப்பிடித்து, வேலை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் முந்திக்கொண்டவர் ஹார்வர்டின் ஆராய்ச்சி மாணவர் ஹாரல்ட் ஈவன். வழிகாட்டி எட்வர்ட் பர்சல். ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரத்தாலும் தகடாலும் செய்த கொம்பு வடிவ ஆன்டெனாதான் கருவி. மழை பெய்தால் தண்ணீர் கொம்பு வழியாக அறைக்குள் வரும்; பனிக்காலத்தில் கீழே போகும் மாணவர்கள் அதற்குள் பனி உருண்டை வீசுவார்கள். 1951 மார்ச் 25 அன்று அந்தக் கொம்பில் ஹைட்ரஜன் விழுந்தது. மே மாதம் டச்சுக் குழுவும், அதன்பின் சிட்னியில் கிறிஸ்டியான்சென், ஹிண்ட்மன் இருவரும் உறுதி செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 தேதியிட்ட நேச்சர் இதழில் மூன்று செய்திகளும் ஒன்றாக வந்தன. முந்தியவர் தனியே பேர் தட்டிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

பால்வெளியைத் தாண்ட நாளாகவில்லை. 1953-ல் சிட்னியின் பாட்ஸ் ஹில்லில் ஃபிராங்க் கெர்ரும் ஹிண்ட்மனும் தென்வானத்து மெகல்லன் மேகங்களில் ஹைட்ரஜனைப் பிடித்தார்கள். 1957-ல் வான் டி ஹுல்ஸ்டும் வேறு இருவரும் டுவிங்கிலோவின் 25 மீட்டர் கிண்ணத்தால் ஆண்ட்ரோமீடா திரளின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். இங்கேதான் ஹைட்ரஜனின் உண்மையான மதிப்பு தெரிந்தது. ஒரு திரளில் விண்மீன்கள் முடிந்த பிறகும் ஹைட்ரஜன் வெகுதூரம் பரந்து கிடக்கும். விளிம்புக்குப் போகப் போக அது மெதுவாகச் சுற்ற வேண்டும். நம் சூரியனைச் சுற்றும் கோள்களின் கணக்கு அப்படித்தான். ஆனால் வேகம் குறையவே இல்லை. 1978-ல் ஆல்பர்ட் போஸ்மா, வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் பல திரள்களின் ஹைட்ரஜனை அளந்து தம் ஆய்வேட்டில் அதைத் தெளிவாகக் காட்டினார். வெரா ரூபின் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கண்டதும் அதுவே. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ உள்ளே இருந்து பிடித்து வைத்திருக்கிறது என்ற முடிவுக்கு வானியல் வந்ததில் இந்த வாயுவுக்குப் பெரிய பங்குண்டு.

இந்தக் கதைக்குள் இந்தியா வந்த வழியில் நம்மூர்க்காரர் ஒருவர் நிற்கிறார். திருவில்லிபுத்தூருக்கு அருகே வத்திராயிருப்பில் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு ராமன் விளைவில் உழைத்தவர், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1952-ல் சிட்னியில் நடந்த சர்வதேச ரேடியோ அறிவியல் மாநாட்டுக்குப் போய், அங்கே ரேடியோ வானியல் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பியவர், தம் ஆய்வகத்து இளைஞர் கோவிந்த் ஸ்வரூப்பை 1953-ல் கொழும்புத் திட்ட உதவியில் அங்கே அனுப்பினார். கொடைக்கானல் வானிலக்கூடத்திலிருந்து ஆர். பார்த்தசாரதியும் போனார். இருவரும் வேலை பழகியது பாட்ஸ் ஹில்லில். ஹைட்ரஜனை உறுதி செய்த அதே கிறிஸ்டியான்சென், நீர்த்தேக்கத்தின் கரையில் சூரியனை ஆராய ஆறடிக் கிண்ணங்கள் 32 நிறுத்தியிருந்தார். அவர்களுக்கு அந்த வரிசை வேண்டாமென்று ஆனபோது, இந்தியாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஸ்வரூப் கேட்டு வாங்கினார். கப்பல் கூலிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் அது தாமதமானது. அதற்குள் அவர் அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டமும் முடித்துவிட்டார். ஹோமி பாபா அழைத்து 1963-ல் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு வந்தவர், 1965-ல் அந்த 32 கிண்ணங்களை பம்பாய்க்கு அருகே கல்யாணில் நிறுத்தினார். இந்தியாவின் முதல் ரேடியோ தொலைநோக்கி இப்படி, வேறொருவர் வேண்டாமென்று விட்டதைக் கேட்டு வாங்கியதில் தொடங்கியது.

அடுத்தது ஊட்டி. அப்போது குவாசர்கள் என்ற தொலைதூர மூலங்கள் புதுச் செய்தி. தொலைவில் இருக்கும் ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும் நொடியைத் துல்லியமாகக் குறித்தால், அது வானில் எங்கே இருக்கிறது, எத்தனை பெரிது என்று சொல்லிவிடலாம். அதற்குப் பெரிய பரப்பு வேண்டும். நிலாவைப் பல மணி நேரம் தொடரவும் வேண்டும். பூமத்தியரேகை நாட்டுக்கு அருகில் இருப்பதால் ஸ்வரூப்புக்கு ஒரு யோசனை பிறந்தது. தெற்கு வடக்காக ஒரு மலைச்சரிவு, அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்ந்திருந்தால், அதன் மேல் நீளமாகக் கட்டும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே ஒரு அச்சில் திருப்பினால் போதும். வானம் நகர நகரக் கூடவே போகலாம். நிலவரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு தென்னாட்டு மலைகளைத் தேடி, 11 பாகைச் சரிவை முத்தோரையில் கண்டார்கள். பரவளைய வடிவச் சட்டங்கள் 24. அவற்றின் மேல் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100. குவிமையத்தில் 1,056 டைபோல்கள். ஒரு மூலத்தை நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். பெரும்பாலும் இங்கேயே செய்த பாகங்கள். 1970 பிப்ரவரியில் அது இயங்கத் தொடங்கியது.

இனி 326.5-க்கு வருவோம். பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் அலை நீண்டுபோகும். 1420.4-ஐ 326.5-ஆல் வகுத்தால் 4.35. அதாவது பிரபஞ்சத்தின் நீள அளவுகள் இன்றிருப்பதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த காலத்து ஹைட்ரஜன். அந்தக் காலத்தில் அங்கே என்ன இருக்கும்? சோவியத் நாட்டின் செல்டோவிச், சுன்யாயெவ் இருவரும் 1970-களில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். முதலில் மாபெரும் தட்டையான வாயு மேகங்கள் உருவாகும். அவை உடைந்து பின்னர் திரள்கள் ஆகும். ஒரு மேகத்தின் நிறை, சூரியனைப்போல் கோடி கோடி மடங்கையும் தாண்டும். அத்தனை பெரிய மேகம் என்றால் 21 சென்டிமீட்டரில் நிச்சயம் கேட்கும்.

ஊட்டியில் கேட்டுப் பார்த்தார்கள். ரவி சுப்பிரமணியனும் ஸ்வரூப்பும் 1990-ல் முடிவை வெளியிட்டார்கள்: மேகம் எதுவும் இல்லை. இன்னும் பெரிதாகக் கட்டித் தேட வேண்டும் என்பதற்கான திட்டம் அதற்கு முன்பே தயாராகிவிட்டிருந்தது. புனேக்கு வடக்கே 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடாட் கிராமத்தில் எழுந்த ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி அதுதான். 1984-ல் தொடங்கிய யோசனை. 45 மீட்டர் விட்டமுள்ள கிண்ணங்கள் 30; அவற்றில் 14 ஒரு சதுர கிலோமீட்டருக்குள்ளும், மீதி 16 மூன்று கிளைகளாக 25 கிலோமீட்டர் வரையிலும் நிற்கின்றன. 45 மீட்டரில் கனத்த தகட்டுக் கிண்ணம் கட்டக் காசு யாரிடம் இருந்தது? எஃகுக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அதன்மேல் மெல்லிய கம்பி வலையை விரித்தார்கள். அலைநீளம் நீளமாக இருந்தால் வலைக்கண் வழியே அலை நழுவாது. காற்றோ வலை வழியே போய்விடும். காற்றைத் தடுக்காததால் கிண்ணத்தைத் தாங்கும் எஃகும் குறைவாகப் போதும். ஏழ்மையிலிருந்து பிறந்த பொறியியல் என்று சிலர் பெருமையாகவே சொல்வார்கள். எனக்கு அது அரைகுறைப் பாராட்டாகப் படும். அலைநீளத்தையும் காற்றையும் ஒரே கணக்கில் வைத்தது மூளை. வறுமை அதற்கு ஒரு சாக்கு மட்டுமே.

ஜிஎம்ஆர்டியின் முக்கிய நோக்கங்களில் ஒன்று அந்த மாபெரும் மேகங்கள். அவையும் அகப்படவில்லை. கிண்ணங்கள் எழுந்துகொண்டிருந்தபோதே கொள்கை தலைகீழாகிவிட்டது. சிறியவை முதலில் உருவாகி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரியவை ஆகின்றன என்பதே சரி என்று கண்ணுக்குத் தெரியாத பொருள் பற்றிய ஆய்வுகள் காட்டின. செல்டோவிச்சின் மேகங்கள் இல்லவே இல்லை. வேறு துறையாக இருந்தால் தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி எழுதி மூடியிருப்பார்கள்.

அதே காலத்தில் அருகில் இருக்கும் ஹைட்ரஜனை மற்றவர்கள் மொத்தமாக அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் 64 மீட்டர் கிண்ணத்தில் ஒரே சமயத்தில் வானின் 13 புள்ளிகளைப் பார்க்கும் கருவியைப் பொருத்தி, 1997 முதல் தென்வானம் முழுவதையும் வாரிய ஹைபாஸ் கணக்கெடுப்பில் 4,315 மூலங்கள் பட்டியலாயின. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ 305 மீட்டர் கிண்ணத்தில் ஏழு புள்ளிக் கருவியோடு மார்த்தா ஹெய்ன்ஸ், ரிக்கார்டோ ஜியோவனெல்லி குழு 2005-லிருந்து நடத்திய அல்ஃபால்ஃபா கணக்கெடுப்பு, சுமார் 31,500 மூலங்களைச் சேர்த்தது. ஒளியில் மங்கலாகத் தெரிந்து, வாயுவில் மட்டும் செழித்த திரள்கள் எல்லாம் இவற்றில்தான் அகப்பட்டன. ஆனால் இரண்டும் நம் அக்கம்பக்கம்தான். அல்ஃபால்ஃபா எட்டியது 80 கோடி ஒளியாண்டு அளவு. அதற்கப்பால் ஒவ்வொரு திரளின் குரலும் கருவியின் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும். அரெசிபோவே 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1400 முதல் 1427 வரையிலான மெகாஹெர்ட்ஸ் பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலகச் சட்டம் ஹைட்ரஜனுக்குக் காவல் போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் காவல் பக்கத்து ஹைட்ரஜனுக்கு மட்டும். 800 கோடி ஆண்டு பழைய ஹைட்ரஜன் 710 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழுகிறது. அது தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் மனிதர்கள் பங்கு போட்டுக்கொண்ட வட்டாரம். கோடாட்டில் விஞ்ஞானிகள் கைபேசிக் கோபுரங்களோடு ஓயாமல் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

தனித்தனியே கேட்காத குரலைக் கேட்க ஒரு வழி கூட்டல். முன்பே ஒளித் தொலைநோக்கியால் இடமும் தூரமும் அளந்து வைத்த திரள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே, எந்த அலைவரிசையில் ஹைட்ரஜன் காட்ட வேண்டும் என்று தெரியும். அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படுத்திக் கூட்டினால், குறிப்பின்றி ஏறி இறங்கும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும் சமிக்ஞை வளரும். எத்தனை திரளோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத் தெளிவு கூடும். பரீட்சையில் ஒரு மாணவனின் மதிப்பெண்ணை வைத்து நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று சொல்ல முடியாது. வகுப்புச் சராசரியை வைத்துச் சொல்லலாம். அதே நியாயம்.

ஜிஎம்ஆர்டியின் அலைவாங்கிகள் அகலமான அலைவரிசைக்கு மேம்படுத்தப்பட்ட பிறகு, ஆதித்ய சவுத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் ஆகிய புனேக்காரர்களும், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் ஷிவ் சேத்தி, கே.எஸ். துவாரகாநாத் இருவரும் இதைச் செய்தார்கள். ஹவாயின் கெக் தொலைநோக்கியால் அளந்த டீப்-2 கணக்கெடுப்பிலிருந்து 7,653 திரள்கள். ஏறத்தாழ 100 மணி நேரம் கேட்டது. வர்க்கமூலம் போட்டால் 87-க்குச் சற்று மேல். 2020 அக்டோபரில் நேச்சரில் முடிவு வந்தது: சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விண்மீன் திரள்களின் ஹைட்ரஜன் முதல்முறையாகக் கேட்டது. ஒரு திரளில் சராசரியாகச் சூரியனைப்போல் ஏறத்தாழ 1,200 கோடி மடங்கு வாயு. அதிலிருந்து அன்றைக்கு உருவாகிக்கொண்டிருந்த விண்மீன்களின் வேகத்தைப் பார்த்தால், புதிதாக வாயு வராவிட்டால் 100 முதல் 200 கோடி ஆண்டுக்குள் அது தீர்ந்துபோயிருக்கும். பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்பு ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்து பின்னர் ஏன் சரிந்தது என்ற பழைய கேள்விக்கு இது நல்ல விடை: வெளியிலிருந்து வரும் வாயு போதவில்லை, அடுப்பு அணைந்தது. கோவிந்த் ஸ்வரூப் அந்தச் செய்தி அச்சாகும் முன்பே, செப்டம்பர் 7 அன்று புனேயில் காலமானார்.

அதன்பின் அதே குழு 510 மணி நேரம் கேட்டு 11,419 திரள்களைச் சேர்த்தது. 2023-ல் அர்ணப் சக்ரவர்த்தியும் நிருபம் ராயும் வேறு வழியில் போனார்கள்: இடையில் நிற்கும் இன்னொரு திரளின் ஈர்ப்பு உருப்பெருக்கி போல வேலை செய்ய, 880 கோடி ஆண்டு பழைய ஒற்றைத் திரளின் ஹைட்ரஜனை ஜிஎம்ஆர்டி தரவுகளில் கண்டதாக அறிவித்தார்கள். மாபெரும் மேகங்களுக்காகக் கட்டிய கிண்ணங்கள், அவற்றைவிடச் சிறிய, சாதாரணத் திரள்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிட்டன.

சராசரிக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1,200 கோடி மடங்கு வாயு கொண்ட அந்தத் திரள் எதுவென்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அப்படி ஒன்று இல்லாமலும் இருக்கலாம். வாயு மிகுந்த திரளும் வறண்ட திரளும் அந்த எண்ணுக்குள் அடையாளமில்லாமல் கலந்துவிட்டன. ஒவ்வொன்றையும் தனித்துப் பார்க்க ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும். 1991-லேயே அத்தகைய சர்வதேசத் தொலைநோக்கி ஒன்றை முன்மொழிந்தவர்களில் ஸ்வரூப்பும் ஒருவர். அந்த யோசனையின் இன்றைய வடிவமான எஸ்கேஏ, தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்பட்டுவருகிறது. 2024-ல் இந்தியாவும் 1,250 கோடி ரூபாயோடு அதில் சேர்ந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நேர்ந்தால், 2020-ன் வெற்றிக்கு முன்னால் 1990-ன் பூஜ்ஜியத்தைச் சொல்லித் தருகிறேன். இல்லை என்று கண்டதை மறைக்காமல் அச்சில் ஏற்றியவர்கள், அதற்கு முன்பே இன்னும் பெரிதாகக் கட்டக் கேட்டிருந்தார்கள், கேட்டது கிடைத்தது. புத்தகத்தில் 21 சென்டிமீட்டருக்கு ஒரு வரி இருக்கும்; தேர்வுக்கு அது போதும். ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிறவனுக்கு அந்தப் பூஜ்ஜியமும் தெரிந்திருக்க வேண்டும்.